சிவப்பு மஞ்சள் ஆகாது

கம்பஸ் பிள்ளைகள் தங்கும் எங்கள் போடிங்கில் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கம்பஸில் படிப்பது வணிக முகாமைத்துவம். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சொந்தம் என் நானா றிஸ்கான். மதுரங்குளிச் சந்தியில் ஒரு பார்மசியில் வேலை. அவனும் படித்து அந்த வேலைக்குப் போனவன் இல்லை. பெட்டி இறக்கப் போனான், தூசு தட்டினான், ஒருநாள் முதலாளி தொழப் போன நேரத்தில் யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுத்தான். அன்றோடு அவன் மருந்துக்காரன், அவன் தங்கை நான் டொக்டர். எங்கள் குடும்பத்தில் பட்டம் இப்படித்தான் கிடைக்கிறது.

லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் நானா ஒரு பை நிறையக் குளிசை தந்துவிடுவான். அதை ஒரு பிஸ்கட் பேணியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். தொண்டை நோவா, பல் வலியா, சளியா, எல்லாவற்றுக்கும் அன்டிபயோட்டிக். பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விடியவே நம்பர் துண்டெடுத்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். அதற்குள் இரண்டு விரிவுரை போய்விடும். என்னிடம் வந்தால் இரண்டு நிமிடம். மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை என்னிடமே கொண்டுவந்து தருவார்கள். முழுவதையும் குடித்து முடி என்று நானும் சொன்னதில்லை. வாங்கி, அடுத்தவளுக்கு எடுத்து வைப்பேன்.

மூன்றாம் வருடம் ஆகும்போது எனக்கு அலுத்துவிட்டது. படிக்க உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார்கள், படுத்தால் தட்டுவார்கள். இல்லை என்று சொன்னால் முகம் தொங்கிவிடும். வைத்துக்கொண்டே இல்லை என்கிறாள் என்று பின்னால் கதைப்பார்கள். அந்தக் கதைக்குப் பயந்தே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடப் பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையில் சுஜாந்தி கனமூலையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். போடிங்கில் என் அறைத்தோழி, கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கத்தரினா கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்கிறவர். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர், படிக்க ஒரு மூலை கிடையாது. புள்ளிவிபரவியல் அவளுக்கு முந்திய வருடம் சறுக்கிவிட்டது. திங்கட்கிழமை திரும்ப எழுத வேண்டும். இதிலும் விட்டால் ஒரு வருடம் வீண்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பும்போதே அவளுக்குக் காய்ச்சல்.

"எச்சிலும் முழுங்கேலாது மர்ஷூ. திங்கக்கிழம நான் எப்பிடி எழுதுறது?"

"ஒரு டொக்டரிட்டக் காட்டுங்க புள்ள," என்றார் உம்மா, அடுப்படியில் இருந்தபடியே.

"வீட்டுலயே டொக்டர் இருக்காவே உம்மா," என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிக்கவும் தொண்டை நொந்திருக்க வேண்டும், கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

போடிங்கிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த பேணியைத் திறந்தேன். எனக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. யாருக்குக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

"ஒனக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கா?"

"சிவப்பு மஞ்சள் கெப்சூல் ஆகாது. சின்னதில ஒருக்காக் குடிச்சு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. அம்மா அண்டைக்கே சொல்லிப்போட்டா, சிவப்பு மஞ்சளைக் கண்ணாலயும் பாக்காத எண்டு."

மருந்தின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகளில் குளிசையைக் கார்ட்டிலிருந்து பிய்த்து ஒரு சின்னக் கடதாசிப் பையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு கிழித்துத் தருவார்கள். பெயர் எழுத மாட்டார்கள். அதனால் எங்கள் எல்லாருக்கும் மருந்து என்றால் நிறம்தான். என் உம்மாவின் பிரஷர் குளிசை ரோசா, சுஜாந்தியின் எதிரி சிவப்பு மஞ்சள். அந்த நிறத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அவள் தொடமாட்டாள். ஒருமுறை சத்துக் குளிசையைக்கூடத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவு கவனமான பிள்ளை.

நானும் கவனமாகத்தான் இருந்தேன். சிவப்பு மஞ்சளை ஒதுக்கிவிட்டு, நானா "இது உரமானது, வீணாக்காத" என்று சொல்லித் தந்த வெள்ளைக் குளிசையை எடுத்தேன். பெரிய, நீட்டு வெள்ளை. சாப்பிட்ட பிறகு குடி என்று வேறு சொன்னேன். அவள் பாண் நனைத்துச் சாப்பிட்டு, குளிசையை இரண்டாக உடைத்து, கஷ்டப்பட்டு விழுங்கினாள். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கால் மணித்தியாலம் போயிருக்காது. உள்ளங்கை கடிக்கிறது என்று சொறிந்தாள். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பிறகு உதடு வீங்கியது. "மர்ஷூ, மூச்சு," என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் அவள் குரலாக இல்லை.

பக்கத்து வீட்டு நெய்னார் மாமா ஆட்டோவை எடுத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் அவள் இழுத்து இழுத்து எடுத்தாள். எனக்கு ஓதவும் வரவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

உள்ளே கொண்டுபோனதும் தொடையில் ஊசி போட்டார்கள். இளம் டொக்டர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கண் சிவந்து, தூக்கம் இல்லாத முகம். என்ன குடித்தாள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாது, ஒரு வெள்ளைக் குளிசை," என்றேன்.

பொய். புறப்படும்போது அள்ளிப் போட்ட கார்ட்டுகளோடு அந்தக் கார்ட்டும் என் கைப்பையில் இருந்தது. நானாவின் வேலை, என் பரீட்சை, போடிங்கில் எல்லாரும் என்ன கதைப்பார்கள், இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு ஓடி முடிந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருமினாள். நான் கார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் திருப்பிப் பார்த்தார். முன்பு ஏதும் ஒத்துவராமல் போனதா என்று கேட்டார். சிவப்பு மஞ்சள் கெப்சூல் என்றேன். அதனால்தான் வெள்ளை கொடுத்தேன் என்றும் சொன்னேன், ஏதோ அதற்கு மார்க்ஸ் கிடைக்கும் என்பது போல.

"இரண்டும் ஒரே மருந்துதான்," என்றார். "அது கூட்டின் நிறம். உள்ளே இருப்பது பெனிசிலின் குடும்பம். இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்." ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. கொட்டாவி விட்டார். "இந்தக் கிழமையில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவள்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அழுகை வந்தது. பயத்திலா, வெட்கத்திலா, தெரியவில்லை.

பின்னேரம் கத்தரினா அன்ட்டி வந்து சேர்ந்தார். வாடியிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார், சட்டையில் கருவாட்டு வாடை. வலது கையில் துணி சுற்றியிருந்தது. மகள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு என் தலையைத் தடவினார்.

"நீ இருந்தபடியா என்ட புள்ள தப்பினா மகள்."

நான்தான் கொடுத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டொக்டரிடம் சொன்ன அதே வசனம்தான், தமிழில் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான் போனபோது சுஜாந்தி கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்களாம், திங்கட்கிழமை பரீட்சை எழுதலாமாம். பெனிசிலின் என்று எழுதிய ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதை நோட்ஸுக்குள் வைத்திருந்தாள். அவள் படிக்கட்டும் என்று அன்ட்டி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நடையில் வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று இரவே முடிவெடுத்திருந்தேன்.

"அன்ட்டி, அந்தக் குளிசைய நான்தான் குடுத்தன்."

"தெரியும் மகள். ராவு அவள் சொன்னாள்." அவர் நடையை நிறுத்தவே இல்லை. "நீ என்ன, வேணுமெண்டா குடுத்த? நல்லதுக்குத்தானே."

ஏசியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவரோ சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்து கையில் இருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினார். பெருவிரலின் அடி வீங்கிச் சிவந்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது.

"கெளிறு மீன் முள்ளு. அஞ்சு நாளாப் போச்சு. பையில ஏதும் கிடந்தாத் தா மகள்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியும் நம்ப முடியவில்லை.

"அன்ட்டி, ஆஸ்பத்திரியிலதானே இருக்கிறம். கீழ காட்டுவமே."

"அந்தக் கியூவில ஆர் நிக்கிறது? இவளக் கொண்டுபோய் விட்டிட்டு நாளைக்கு விடிய நான் வாடியில நிக்கோணும். எனக்கு எந்த நிறமும் ஒத்துவரும். உனக்கும் இப்ப வடிவாத் தெரியும்தானே, எதக் குடுக்கக்கூடாதெண்டு."

பை என் தோளில் தொங்கியது. உள்ளே வேறு இரண்டு கார்ட்டுகள் கிடந்தன, வீசக்கூட நேரம் கிடைக்கவில்லை. கொடுத்தால் இரண்டு நிமிடம். கீழே கியூ வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. நேற்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு புத்தகமும் விரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை பையின் ஸிப் வரைக்கும் போனது.

"இல்ல அன்ட்டி," என்றேன். "வாங்க, நான் கூட நிக்கிறன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மகளுக்குக் கொடுத்ததற்கு வராத கோபம், தனக்குக் கொடுக்காததற்கு அந்தக் கண்ணில் வந்தது. துணியைத் திரும்பச் சுற்றி, நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"கம்பஸ் புள்ளையளுக்கு எல்லாம் குடுப்ப. எங்களுக்கெண்டா இல்லையா?"

கீழே போய் அவர் பெயரில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, வெயிலில் கியூவின் கடைசியில் நின்றேன்.