மாடி ஏறாத பீரோ

அந்த ஓக் பீரோவை ஏன்தான் வாங்கினோம் என்று பால்துரை நொந்துபோயிருந்தார். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்தது; பார்த்ததுமே மனைவி ஜெயலீலாவுக்கு ஆசை விழுந்துவிட்டது. அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எண்பத்தாறில் வாங்கிய வீட்டின் மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பூதம் திரும்பவே இல்லை. சர்ச் நண்பர்கள் நான்கு பேர் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாரமெல்லாம் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வேலைக்குக் கார் ஓட்டிய அலுப்போடு, சனிக்கிழமை காலை ரம்பத்தை எடுத்தார். இரண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய் ஒட்டிக்கொள்ளலாம். ஓக் மரம் லேசில் அறுபடுமா? ஒரு பக்கப் பலகையை அறுத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

தூள் துடைக்கக் கதவைத் திறந்த ஜெயலீலா, “என்னங்க, இது என்ன?” என்றாள். உள்ளே மூலைக்கு மூலை மர ஆப்பு. பூரிக்கட்டையால் நான்கையும் தட்டியதும் மேல்பாகம் தனியாகக் கையோடு வந்தது. பலகைகளின் ஓரத்தில், திரும்பப் பூட்ட வசதியாக, உளியால் எண் வேறு போட்டிருந்தது.

பால்துரை ரம்பத்தோடு கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நூறு வருஷம் முன்னாடி செஞ்சவன், இதை மாடி ஏத்தணுமேன்னு யோசிச்சிருக்கான்,” என்றாள் ஜெயலீலா. “நீங்க கதவைத் திறந்துகூடப் பாக்கல.”