திரும்பி வராத அலை

கரியாலூர் செல்போன் கோபுரத்தடியில் தனசேகரன் தனியாக உட்கார்ந்து, ஆண்டெனாவைச் சோதிக்கும் நெட்வொர்க் அனலைசரை மடியில் வைத்திருந்தான். அந்தப் பெட்டிக்குள் ஒரு பகுதி அலையை உண்டாக்கும். இன்னொன்று அதில் கொஞ்சம் கிள்ளி மாதிரிக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கேபிள் வழியே ஆண்டெனாவுக்கு அனுப்பும். மூன்றாவது, திரும்பி வருகிற அலையை மட்டும் பிரித்தெடுக்கும். கடைசியில் ரிசீவர் இரண்டையும் ஒப்பிட்டுத் திரையில் கோடு போடும். ஆண்டெனா நன்றாக இருந்தால் அனேகமாக எதுவும் திரும்பாது.

கோடு அடிமட்டத்தில் கிடந்தது. இவ்வளவு சுத்தமான கோட்டை அவன் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் சின்னசேலத்தில் இருக்கும் மனைவி அமிர்தத்துக்குப் போன் போட்டான்.

"ஒண்ணுமே திரும்பி வரல அமிர்தம்! அவ்ளோ சுத்தம்."

"ம்."

"அடுத்த வாரமும் இங்கதான் வேல. வூட்டுக்கு வர முடியாது."

"ம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்க வூட்ல சண்டையே கிடையாது என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தான். ஆண்டெனாவின் கேபிள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அனலைசரைச் சரிபார்க்க முதலில் திருகிய 'லோடு' இன்னும் கழற்றப்படாமலே இருந்தது. வருகிற அலையையெல்லாம் விழுங்கிவிட்டு எதையும் திருப்பி அனுப்பாத, விரலளவு மூடி அது. அலை ஆண்டெனாவுக்குப் போகவே இல்லை.

"அடச்சே!" என்று கழற்றியவன், அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி போனை எடுத்தான்.

"அமிர்தம், இன்னா கோவம் இருந்தாலும் திட்டிடேன்."

மறுமுனையில் இப்போது அந்த "ம்" கூட வரவில்லை.