வெள்ளையாய் விட்ட இடம்

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் ஸக்கரியா ஹாஜியார், அவர் மனைவி கைறுன்னிஸா, தம்பி பலீல், பக்கத்து வீட்டுச் சாதிக்காய் வியாபாரி ஜவாஹிர், கொழும்பிலிருந்து வந்த வானிலை அதிகாரி ஒஸ்வல்ட். ஆறாவதாக ஒருவரும் இல்லை.

இரத்தோட்டையில் ஸக்கரியா மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தின் ஓரத்தில், ஒரு தூணின்மேல், கண்ணாடிக் குண்டு ஒன்று பதினொரு வருடமாக இருந்தது. வெயில் அதன் வழியே குவிந்து, பின்னால் செருகிய நீல அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். முகில் மறைத்தால் கோடு அறுந்துவிடும். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் ஸக்கரியா அட்டையை எடுத்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, புதியதைச் செருகுவார். சம்பளம் கிடையாது. எந்த ஊர் வெயிலைக் கொண்டு அடுப்பெரிக்கலாம், தண்ணீர் இறைக்கலாம் என்று நாடு முழுவதற்கும் கொழும்பில் ஒரு வரைபடம் போடப்போகிறார்கள்; அதில் இரத்தோட்டை வரவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நானா, இன்னைக்கி சூரியன் வேலைக்கு வந்தானா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஜவாஹிர், அண்ணன் முறை வைத்து, கேலி செய்வார்.

"வந்தான். ரெண்டு மணியோட லீவு போட்டுட்டான்," என்பார் ஸக்கரியா, சிரிக்காமல்.

அறுபத்து நான்காம் வருடம் ஹஜ்ஜுக்குக் கப்பலேறியபோது, மூன்று மாத வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அவர் திரும்பிய மறுமாதம் ஒஸ்வல்ட் வந்து, மேசையில் ஓர் அட்டையை வைத்தார்.

"இந்தத் தேதியில மேல் தோட்டத்து மழைமானியில அஞ்சு அங்குலம், ஹாஜியார். உங்க அட்டையில ஒன்பது மணித்தியாலம் வெயில்."

ஸக்கரியா அட்டையை எடுத்துப் பார்த்தார். கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பில் இருந்தது. காலை வெயில் அப்படிச் சுடாது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தன ஊதுபத்தி. மவ்லூது ஓதும் நாளுக்கென்று கைறுன்னிஸா அலுமாரியில் வைக்கும் அதே பத்தி.

பலீலைப் பார்த்தார். அவன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாத்தளைக் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருகிறவன். தவறிய நாட்களை எல்லாம் வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து சுட்டிருக்கிறான். அடியில் ஸக்கரியாவின் கையெழுத்து, கடைசிச் சுழிகூடப் பிசகாமல்.

"இப்படி எத்தனை?"

"அறுபத்திரெண்டு." ஒஸ்வல்ட் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மக்காவுல இருந்தீங்கன்னு தெரியும். இது யார் போட்ட கையெழுத்துன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்த மூணு மாசத்த மட்டும் தள்ளிடலாம். இல்லன்னா பதினொரு வருஷத்தையும் நம்ப ஏலாது."

"எழுதினா, அவனுக்கு?"

"கள்ளக் கையெழுத்து. பொலிசுக்குப் போகும்."

கதவுக்குப் பின்னாலிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது. "தம்பிட மகளுக்கு நிக்காஹ் பேசி வச்சிருக்குங்க."

"நாலாயிரம் அந்தி அட்டை மாத்தியிருக்கீங்க, நானா," என்றார் ஜவாஹிர். இப்போது அவர் கேலி செய்யவில்லை. "எழுதிக் குடுத்துடுங்க."

"நானா, நான் வந்து..." என்று பலீல் தொடங்கினான்.

"நீ வாயத் தொறக்காத."

ஹஜ் செய்து வந்த வாய். பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் தம்பியின் பெயரோடு வாப்பாவின் பெயரும் பொலிஸ் புத்தகத்தில் ஏறும். ஸக்கரியா எழுந்து நின்றார்.

"இது இந்த வீட்டுக் கையெழுத்து. இதுக்கு மேல ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்."

 ஒஸ்வல்ட் பதிவேட்டைத் திறந்து, இரத்தோட்டை என்ற பெயரின்மேல் கோடு கிழித்தார்.

மறுநாள் பாங்கு கேட்டதும் ஸக்கரியாவின் கால் தானாகத் தூணடிக்குப் போயிற்று. வெறும் தூண். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தொழுகைக்குப் பிந்தும்வரை நின்றார். அதன்பின் தளத்தின் அந்தப் பக்கம் அவர் மிளகு போடவில்லை.

தம்பி மகளின் நிக்காஹ்வுக்கு நிமிர்ந்தபடி போனார். பலீலோடு ஒரு வார்த்தை பேசவில்லை, தான் சாகும்வரை பேசவில்லை. மூன்றாம் வருடம் ஜவாஹிர் கொழும்பிலிருந்து வரைபடத்தை வாங்கிவந்து விரித்தார். பக்கத்து ஊர்களில் உக்குவளை மஞ்சளாக இருந்தது, லக்கல கடும் சிவப்பாக. இரத்தோட்டையை வெள்ளையாய் விட்டிருந்தார்கள். ஸக்கரியா அந்த வெள்ளையை விரலால் ஒருமுறை தொட்டார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஹாஜியார் ஆத்திரத்தில் கண்ணாடிக் குண்டைத் தூணில் அடித்து உடைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உடைக்கவில்லை. அன்று தன் சால்வையால் துடைத்து, அவரே ஒஸ்வல்டின் கையில் கொடுத்தார்.