இன்னும் கொஞ்சம் ஊதுங்க

எனக்குச் சத்தம் போட வராது. எங்கள் வீட்டில் அது என் பெரிய குணம். காலேஜில் அதுவே என் பெரிய குறை.

நான் கண்மணி. கம்யூனிட்டி காலேஜில் ரெஸ்பிரேட்டரி தெரபி இரண்டாம் வருடம் படிக்கிறேன். மூச்சுத் திணறுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான படிப்பு. கல்யாணமாகி அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் வந்ததிலிருந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாத டிபெண்டன்ட் விசாவில் வீட்டிலேயே கிடந்தேன். கிரீன் கார்டு வந்தபோது நாற்பது தாண்டியிருந்தது. போனால் போகிறது என்று சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்கு என் மகள் கயலைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம் இருக்கும்.

மணிக்கட்டில் தமனியைத் தேடி ஊசி போட்டு ரத்தம் எடுப்பதில் தேறிவிட்டேன். வென்டிலேட்டர் பயமும் போய்விட்டது. கடைசியில் என்னை மடக்கிப் போட்டது ஒரு குழாய்.

நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. மூக்கில் கிளிப்பை மாட்டி, மூச்சை நிறைய இழுத்து, குழாயில் வேகமாக ஊத வேண்டும். காற்று தீர்ந்தது என்று தோன்றிய பிறகும் ஊத வேண்டும். யாரும் தானாக அப்படி ஊத மாட்டார்கள். அதனால் பக்கத்தில் நின்று, “ஊது, ஊது, விடாதே” என்று கத்துவது தெரபிஸ்டின் வேலை. என்னோடு படிக்கும் பையன்கள் கால்பந்து கோச் மாதிரி கத்துகிறார்கள். நான், “ப்ளீஸ், முடிஞ்சா இன்னும் கொஞ்சம்” என்பேன். எதிரில் இருப்பவர் முடியவில்லை என்று நிறுத்திவிடுவார். நியாயம்தானே.

இரண்டு முறை ஃபெயில். இரண்டாவது முறை எங்கள் டீச்சர் மிஸ் ரெய்ஸ் என்னைத் தனியாக உட்கார வைத்தார்.

“பாதியில் நிறுத்தினால் உள்ளே தங்கிப்போகும் காற்று கணக்கில் வராது. நோய் இருக்கிற நுரையீரல்கூட நல்ல நுரையீரல் மாதிரித் தெரியும். நீ மரியாதையாகப் பேசி அனுப்பிவைக்கிறாய், அவர் நோயோடு வீட்டுக்குப் போகிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுருக்கென்றது. மூன்றாவது முறையும் தவறினால் படிப்பை விட்டு வெளியே வர வேண்டியதுதான். ஃப்ரீவேயில் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கத்திப் பழகினேன். விசில் வராத குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

இந்தப் பரிசோதனையை அதுவரை செய்திராத ஒருவரை நாங்களே கூட்டிவர வேண்டும். என் கணவர் தீபக் வருவதாக இருந்தது. தேர்வு அன்று காலையில் ஆபீஸிலிருந்து போன் செய்தார்.

“ப்ரொடக்‌ஷன் இஷ்யூ, கண்மணி. நகர முடியாது. அப்பாவைக் கூட்டிட்டுப் போயேன். சும்மாத்தான இருக்காரு.”

“மாமாவையா? அவர் மேல நான் கத்தணும்ங்க.”

“நீயா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நாள் பூராவும் காதை அறுத்தது.

என் மாமனார் சேனாபதி பல்லடம் பக்கம் விசைத்தறிப் பட்டறை நடத்தியவர். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. மௌரி அவென்யூ இந்தியக் கடையில் அவர் வெண்டைக்காய் விலை கேட்டால் வெளியே காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். காலையில் என்னோடு வாக்கிங் வருவார். நாலு வீட்டுக்கு ஒரு தரம் நின்று, அடுத்தவர் வேலிக்குள் ரோஜாப்பூ பார்ப்பார். “என்னுங் மாமா, போலாமுங்களா?” என்று கேட்டால், “பூவப் பாரு அம்மிணி, என்ன நெறம்” என்பார். பூ மேல் இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொள்வேன்.

லேபுக்குள் வந்ததும் ஜம்பமாக உட்கார்ந்தார். இருதயம், பிரஷர், ஆபரேஷன் என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று கட்டடமே கேட்கும்படி சொன்னார். மூச்சு வாங்குமா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. அவர் மூக்கில் நானே கிளிப்பை மாட்டினேன். அவர் முகத்துக்கு அவ்வளவு கிட்டே நான் போனதே இல்லை.

“இழுங்க மாமா. ஊதுங்க” என்றேன்.

பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல ஊதினார். குழாயை எடுத்துவிட்டு, “போதுமா அம்மிணி?” என்றார்.

“போதுமுங் மாமா” என்றது என் வாய். பழக்கதோஷம். பக்கத்தில் நின்ற மிஸ் ரெய்ஸ் எதையோ எழுதினார்.

மாமாவுக்கு என்ன தோன்றியதோ, கிளிப் மாட்டிய மூக்கோடு மிஸ் ரெய்ஸ் பக்கம் திரும்பினார். “மை டாட்டர் இன் லா. வெரி குட் கேர்ள். சோ மெனி இயர்ஸ், நோ சவுண்ட்.”

“தெரியும்” என்றார் மிஸ் ரெய்ஸ்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. மாமா மேல் இல்லை. அவர் மனசாரத்தான் பாராட்டினார். இத்தனை வருடமாக எல்லோரும் மெச்சி மெச்சி வளர்த்த அந்தச் சத்தமின்மை, இதோ என் படிப்பைத் தின்னப் போகிறது. நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

“மறுபடி வைங்க மாமா” என்றேன். வைத்தார். இழுத்தார். ஊத ஆரம்பித்தார். வழக்கம்போல நிறுத்தப் போனார்.

“நிறுத்தாதீங்க!”

அது என் குரல்தான். அடிவயிற்றிலிருந்து வந்தது. மாமாவின் கண்கள் விரிந்தன.

“ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க. இன்னும் இருக்குது உள்ள. விடாதீங்க, இன்னும் கொஞ்சம், இன்னும், இன்னும்...”

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் குனிந்து அவர் காதோடு கத்தினேன். அடுத்த அறையில் இருந்த பையன்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். திரையில் கோடு நீண்டுகொண்டே போய், கடைசியில் தரையோடு படுத்தது. அதற்குப் பிறகுதான் “போதும்” என்றேன்.

மாமா இருமினார். கிளிப்பைக் கழற்றினார். என் உயிர் என்னிடம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

“இன்னொருக்காவா?” என்று மட்டும் கேட்டார்.

சரியாக வந்தவை மூன்று வேண்டும். இன்னும் இரண்டு முறை, நடுவில் இளைப்பாறவிட்டுக் கத்தினேன். மிஸ் ரெய்ஸ் பாஸ் என்று போட்டுவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். திரையிலிருந்த கோட்டைக் காட்டினார். அது நேராக இறங்கவில்லை, நடுவில் குழிந்து இறங்கியிருந்தது. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் கோடு அப்படித்தான் வரும். எனக்கே படிக்கத் தெரிந்தது.

“முதல் முறை வந்ததை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. டாக்டரிடம் கூட்டிப் போ” என்றார்.

பாஸான சந்தோஷம் பார்க்கிங் வரைகூட வரவில்லை. காரில் மாமா பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்த முதல் பயணம் அது. கத்தினதுக்குக் கோபமோ என்று நினைத்தேன். வீட்டுத் தெரு திரும்பியதும் வழக்கமான ரோஜா வேலி வந்தது.

“பூவெல்லாம் ஒண்ணும் பாக்கல அம்மிணி” என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இத்தனை நாளும் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். மூச்சைப் பற்றிப் படிக்கிற நான், அவர் பூவைப் பார்க்கிறார் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“ஏனுங் மாமா சொல்லல?”

“நீ கேட்டா நானு சொல்லியிருக்க மாட்டேனா?”

“கேட்டேனுங்களே. லேப்ல.”

“அப்ப மெதுவாத்தான கேட்ட” என்றார். பொய்தான். ஆனால் சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார்.

வீட்டு வாசலில் இறங்கினோம். நாலு படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே பார்ப்பதற்குப் பூ எதுவும் இல்லை. நானும் அவசரப்படாமல் கூடவே நின்றேன்.

“டாக்டர்கிட்டப் போறப்ப நீயும் வரோணும்” என்றார் மூச்சு வாங்கியபடி. “அங்க இருக்கறவங்க மெதுவாப் பேசுவாங்க. நானும் சும்மா ஊதிப்போட்டு வந்துருவேன்.”

“வரேனுங் மாமா.”

“கேக்கல.”

“வர்றேன்” என்றேன், மாடியில் இருந்த கயல் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.