முதல் வெள்ளி செக்கிங்

மாதத்தின் முதல் வெள்ளியில் மாமி வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். மனநல டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் வெள்ளியில் மட்டும்தான் வருவார்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் அன்றுதான் செக்கிங். அதிகாரி பெயர் கூப்பிடுவார். ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். நானும் மாமியின் மகள் கீர்த்தனியும் அங்கேதான் வளர்ந்தோம், படித்தோம், மணம் முடித்தோம். மூவரும் இலங்கைக்கு, குச்சவெளிக்குத் திரும்பிய பிறகு எங்களை யாரும் எண்ணவில்லை. சென்ற மாரியில் கீர்த்தனி காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகு மாமி முதல் வெள்ளிகளில் வாசல் படலையடியில் கதிரை போட்டு, அதிகாரிக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பிரஷர். போன கிழமை கிணற்றடியில் விழுந்தார். பிரஷர் டொக்டர், மருந்தைக் கூட்டிப் பயனில்லை, நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் இருக்கிறவரை மனநல டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். மனநல டொக்டரோடு தொலைபேசியில் கதைத்தேன். கீர்த்தனி இறந்தது, மாமி காத்திருப்பது எல்லாம் சொன்னேன். தான் வரும் நாளை மாற்ற ஏலாது என்றார். வீட்டுக்கு வர வாகனமும் இல்லையாம்.

பொய் சொன்னேன்.

"மாமி, இந்த முறை செக்கிங் ஆஸ்பத்திரியில."

"ஆர் மாத்தினது?"

"கொழும்பில."

"அவங்களுக்கு வேற வேலையில்லை," என்று நல்ல சேலையை எடுத்தார்.

ஆஸ்பத்திரி மண்டபம் நிறையப் பிரஷர்காரர். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பரீதா மாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அக்கா, மருந்தெடுக்கவோ, கலியாணத்துக்கோ?"

"பேர் குடுக்க வந்தனான் பிள்ளை."

தாதி ஷிஃபானா கூப்பிட்டார். "குணேஸ்வரி!"

மாமி எழுந்து கையைத் தூக்கினார். "இருக்கிறன் ஐயா!"

சனம் சிரித்தது. பிரஷர் பார்த்து எழுதிய ஷிஃபானா, மனநல டொக்டர் இருக்கும் பக்கத்தைக் காட்டி, "பின் அறைக்குப் போங்க அம்மா," என்றார்.

"ஏன்? பேர் கூப்பிட்டது இஞ்சதானே." மாமி கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"டொக்டரை இஞ்ச வரச் சொல்லுங்கோ மிஸ்," என்றேன்.

"வரமாட்டார் தம்பி. சனத்துக்கு முன்னால விசாரிச்சா மானம் போகும் எண்டுதான் தனி அறை."

"அந்த அறையாலதான் மானம் போகுது. அதுக்கு முன்னால இருக்கிற ஆக்களைப் பாருங்கோ. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கினம்."

"கட்டடம் நான் கட்டினதோ?"

பின் அறை வாசலுக்குப் போனேன். மண்டபத்தைப் பார்த்து நின்றேன். முகாமில் குடும்பத் தலைவரின் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

"இராகுலன்!" என்று என் பெயரைக் கத்தினேன். பிறகு, "குணேஸ்வரி!"

மாமி விழுந்தடித்து வந்தார். மூன்றாவது பெயர் எனக்கு வரவில்லை. மாமியே சொன்னார்.

"கீர்த்தனி. என்ர மகள் ஐயா. காய்ச்சல், வர ஏலாது. பேரை வெட்டிப்போடாதேங்கோ." அறைக்குள் போய், தன்னுடையதும் மகளுடையதுமான இரண்டு முகாம் அட்டைகளை டொக்டரின் மேசையில் வைத்தார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பிரஷர் எவ்வளவு?"

"முன் மண்டபத்தில மிஸ் எழுதினவ," என்றேன்.

"அந்தத் துண்டு இஞ்ச வராது. எடுத்துக்கொண்டு வாங்கோ."

இடையில் ஒரு சுவர்தான். முன்னால் போனால், "வரிசையில வாங்க தம்பி," என்றார்கள். ஷிஃபானா வேறொருவரின் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றேன். சுவரில் குத்தலாம் போலிருந்தது. இதற்குள் மாமி எழுந்து போயிருப்பார். இன்னொரு முறை இதே பொய்யை நம்பமாட்டார்.

துண்டோடு அறை வாசலுக்குத் திரும்பினேன். மாமி இருந்தார்.

"காய்ச்சல் எப்பிடித் தொடங்கினது?" டொக்டர் அதிகாரியைப் போலவே கேட்டார். "எல்லாம் சொன்னாத்தான் நான் எழுதலாம்."

"முதல் நாள் கஞ்சி குடிச்சவ. ரெண்டாம் நாள் கால் உளையுது எண்டவ."

மாமி இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாட்களை நானும் சொன்னதில்லை. உள்ளே வர வேண்டாம் என்று டொக்டர் எனக்குக் கை காட்டினார்.

"மூண்டாம் நாள் காய்ச்சல் விட்டிட்டுது. சீப்பால தலை இழுத்துவிடச் சொன்னவ. நான் இழுத்து விட்டனான்."

"பிறகு?"

கீர்த்தனி ஐந்தாம் நாள் விடிய இறந்தாள்.

"நாலாம் நாள்..." என்று தொடங்கிய மாமி நிறுத்தினார். அட்டைகளைப் பார்த்தார்.

ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை.