யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத நாவல்

பத்து வருடமாக யாரும் இரவல் வாங்காத புத்தகங்களைக் காகித ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டது. பட்டியலில் முதல் வரியே எங்கள் நூலகத்துப் பேய் மாளிகை நாவல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த உத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். நூலகராகப் போய்விட்டேன், மடித்து வைத்தேன்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை. தனி மாளிகை, ஒரு விதவை, தினமும் ஒரு படி கூடிக்கொண்டே போகும் மாடிப்படி. அதை யாரும் படிப்பதில்லையாம்! நானே இரண்டு முறை அட்டை மாற்றித் தைத்திருக்கிறேன். எப்போது திறந்தாலும் உள்ளே ஐந்தாறு அடையாளங்கள் இருக்கும்: பஸ் டிக்கெட், கொண்டை ஊசி, மருந்துச் சீட்டு. எல்லாரும் வாசிப்பறை ஜன்னலோரம் நல்ல வெயிலில் உட்கார்ந்து படிப்பார்கள். பிறகு அலமாரியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பதிவேட்டில் எப்படிப் பேர் இருக்கும்?

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். அதற்குள் யாராவது ஒருவர் எடுத்துப்போனால் புத்தகம் பிழைக்கும். ஊழியர்கள் எடுத்தால் செல்லாது. நான் வாசகர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"அக்கா, சுடுகாட்டுப் பக்கத்துல லாரிய நிறுத்திட்டுத் தூங்கச் சொல்லுங்க, தூங்குறேன். இத வண்டியில ஏத்த மாட்டேன்" என்றார் லாரி டிரைவர்.

"வீட்ல குழந்தை இருக்கும்மா" என்றார் பல் டாக்டர். குழந்தை சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம்.

"சும்மா கையெழுத்த மட்டும் போட்டுட்டு இங்கேயே வச்சுட்டுப் போங்களேன்" என்று ஓய்வுபெற்ற நர்ஸிடம் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டா, நாமளே அதை வீட்டுக்கு வான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடும்ல?"

இவர்தான் முப்பது வருடம் பிணவறைச் சாவியை இடுப்பில் வைத்திருந்தவர்.

வியாழக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் புத்தகத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு என் நாத்தனாரின் தையல் கடைக்குப் போனேன். அவள் தைத்த திரைச்சீலை கோணல் என்று சொன்ன குற்றத்துக்காக இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள். தனியாக வாழ்பவள். எமனே வந்தாலும் அளவெடுத்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல், கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளரிடம் சொன்னாள்: "பேய்க்கெல்லாம் நான் பயப்படுவேனா? எங்க அண்ணன் வீட்டுக்கே எத்தனை தடவை போய் வந்திருக்கேன்!"

குத்தல் யாருக்கு என்று புரிந்தது. காரியம் பெரிதா வீரியம் பெரிதா? வாயை மூடிக்கொண்டு பதிவேட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். கடையிலேயே முதல் பக்கத்தைப் பிரித்தாள். காஜா எடுக்கவேண்டிய ஜாக்கெட் மடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "நேத்துதான் போயிருக்கு. ஆனா புத்தகம் திரும்பி வரணுமே. இல்லேன்னா காணாமப்போன கணக்குல எழுதணும்."

"பதினஞ்சு நாள் தவணை இருக்கு சார்" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, நாத்தனார் உள்ளே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. முந்தின நாள் புடவை. புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி!"

இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"ரொம்ப பயமா இருந்துச்சா?"

"உயிரே போயிடுச்சு அண்ணி."

"கீழ வச்சிருக்கலாமே?"

"எப்படி வைக்கிறது? அடுத்த பக்கத்துல என்ன ஆச்சோன்னு இருக்கே!"

அதிகாரி நாவலின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். புத்தகத்தை எடுத்துப் பார்ப்பதற்குக் கை நீட்டியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது. ஜெயித்துவிட்டோம்!

"இன்னொரு தடவை என் பேர்ல எழுதுங்க அண்ணி. திரும்பப் படிக்கணும்" என்றாள் நாத்தனார். "ஆனா தனியா முடியாது. உங்க வீட்ல வந்து தங்கறேன். சத்தமாப் படிப்போம், மாத்தி மாத்தி."

பத்தொன்பது வருடம் அந்தப் புத்தகத்துக்கு அட்டை மாற்றினேன், தைத்தேன், தூசி தட்டினேன், அதற்காகக் கெஞ்சினேன். ஒரு நாளும் அதை வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னால் மறுபடி பேச்சு நின்றுவிடும்.

எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.