இடையில் விடுபட்ட பாரம்

ஞாயிறு கீழ்வானில் இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்த வேளை. இரவெல்லாம் கரையோடு மல்லுக்கட்டிக் களைத்த கடல், தன் நீர்ப்பரப்பைச் சுருட்டிக்கொண்டு தொலைவில் ஒரு வெள்ளிக் கோடாய் ஒதுங்கிக் கிடந்தது. அது விட்டுச்சென்ற ஈர மணல்வெளியின் அப்புறத்தே, மேட்டுக்கரையிலிருந்து நீண்டு செல்லும் ஒரே ஒரு குறுகிய கற்பாதையால் மட்டுமே அடையத்தக்கதாய், அந்தக் கல்வெளி காலை வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தது. கல்வெளி என்றதும், படித்துச் சுவைக்கும் நெஞ்சுடையீர், நீங்கள் கண்டு சலித்த குன்றுகளையும் பாறைகளையும் எண்ணிக்கொள்ள வேண்டா. அங்கே மெல்லிய தண்டின்மேல் அகன்ற குடையைத் தாங்கிக் காளான்போல் நின்றன சில. நடுவே துளைபட்டு, கதவில்லாத வாயில்களாய் வானைக் காட்டி நின்றன சில. எஞ்சிய பலவும், விரலளவே தடித்த தகடுகள் ஆயிரம் ஆயிரமாய் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரம் வெட்டாத தாள்கட்டுகளை எவரோ அடுக்கிவைத்து மறந்துபோனதைப் போல் வரிசை வரிசையாய் நிமிர்ந்து நின்றன.

தாள்கட்டு என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அன்று அந்தக் கல்வெளியைக் காண வந்திறங்கிய பதினெழுவரும் நூல் கட்டும் பட்டறை ஒன்றின் தொழிலாளர். அவர்கள் கண்ணுக்கு அது வேறெதுவாகவும் தோன்றியிருக்க முடியாது. முதல் நாள் வரை அப்படி ஒரு பயணத்தை அவர்களில் ஒருவரும் கனவிலும் எண்ணியதில்லை. நாற்பது ஆண்டுகளாய்ப் பசை காய்ச்சி, அதன் பதம் தம்மையன்றி உலகில் எவருக்கும் தெரியாதென்று மார்தட்டும் பசைக்காரர், அன்று விடியலில் தம் இளமைக்கால வீரத்தை அளந்துகொண்டே அடுப்பை மறந்து, கொப்பரை முழுவதையும் கரியாக்கிவிட்டார். பசையில்லாத பட்டறையில் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு வேலை ஏது? தாள் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு நின்ற பட்டறை வண்டியோட்டி, "சும்மா உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறதுக்கு, வாங்க, கல்லைப் பாத்துட்டு வரலாம்" என்றான். உணவுக்கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஏறிவிட்டனர்.

அவர்களுள் மூத்தவள் என்று அழைக்கப்பட்டவள் பாரம் சேர்ப்பவள். பதினாறு பக்கங்கள் வருமாறு மடித்த ஒரு தாளைப் பட்டறையில் பாரம் என்பர். அப்பாரங்களை முறைப்படி அடுக்கி ஒரு நூலாக்குவது அவள் பணி. அவளுக்கு எட்டாண்டு இளையவளான தங்கை அதே பட்டறையில் தாள் மடிப்பவள். மூன்று வயதில் கண்ட காய்ச்சலில் செவிப்புலனை முற்றும் இழந்த இளையவளுக்கு அக்காளின் கைகளே மொழி. தாய் தந்தையர் மறைந்தபின் அக்காளே உற்றாரும் உறவும். தெருவில் நடக்கும்போது அக்காளின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டுதான் அவள் நடப்பாள். முப்பது வயதாகியும் அவ்வழக்கத்தை விட்டாளில்லை. மூத்தவளும் அதை விலக்கினாளில்லை.

மூத்தவளின் தொழில்முறை ஒன்றை நீங்கள் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கருங்கோடு, முந்தியதைவிடச் சற்றுக் கீழிறக்கி அச்சிடப்பட்டிருக்கும். பாரங்களை அடுக்கினால் அக்கோடுகள் படிக்கட்டைப்போல் இறங்கிவரும். ஒன்று விடுபட்டால் படியில் ஓர் இடைவெளி கண்ணை உறுத்தும். ஆகவே அவள் எந்த நூலையும் விரித்துப் பார்ப்பதில்லை. முதற்பாரம், கடைப்பாரம், முதுகில் இடைவெளி இன்மை ஆகிய இம்மூன்றையும் ஒரே பார்வையில் கண்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கைப்பட்ட நூல் ஒன்றுகூடக் குறையோடு வெளியே சென்றதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இளையவளுக்கோ அது அவளைவிட அதிகம் உண்டு.

கற்பாதையைக் கடந்து கல்வெளியில் கால் வைத்ததும் பதினெழுவரும் பள்ளி விட்ட பிள்ளைகளாயினர். பசைக்காரர் காளான்கல் ஒன்றைத் தோள்கொடுத்துத் தாங்குவதுபோல் நின்று தம் வலிமையை மெச்சச் சொன்னார். இளையவளோ அடுக்குக்கல் ஒன்றின் முன்னே மலைத்து நின்று, அதன் தகடுகளை விரலால் தடவித் தடவி எண்ணலானாள். "இதை யார் மடிச்சா?" என்று அவள் கைகள் கேட்டன. "உன்னைவிடப் பொறுமைசாலி ஒருத்தி" என்று மூத்தவளின் கைகள் விடையிறுத்தன. இளையவள் ஓசையின்றிச் சிரித்து, முந்தானை நுனியைத் தானே விட்டுவிட்டு, அடுத்த கல்லுக்குப் போனாள்.

அப்போது, சொல்லவே நா கூசுகிறது, மூத்தவளுக்கு உடம்பு இலேசாயிற்று. தையற்பெண்கள் இருவர் அவள் கையைப் பற்றி இழுக்க, வாயிற்கற்களின் ஊடே ஓடினாள். புடவையைச் செருகிக்கொண்டு குதித்தாள். கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். ஒரு நாழிகைப் பொழுது அவள் எவருக்கும் அக்காளாக இல்லை. அந்த ஒரு நாழிகையை எவர்தாம் அவளுக்கு மறுக்க இயலும்?

கரையிலிருந்து மணி ஒலித்தது. கடல் திரும்புகிறது, கற்பாதை மூழ்குமுன் வந்துவிடுங்கள் என்று கரைக்காவலர் அடிக்கும் மணி. எல்லாரும் விழுந்தடித்து ஓடினர். இளையவள் பசைக்காரரின் கூட்டத்தோடு முன்னே போய்விட்டாள் என்று மூத்தவள் எண்ணினாள். அக்காளோடு வருவாள் என்று பசைக்காரர் எண்ணினார். கணுக்கால் நனைய நனையக் கடந்து, மேட்டுக்கரையில் நின்ற வண்டியில் மூச்சிரைக்க ஏறினர்.

"அக்கா, எல்லாரும் வந்தாச்சா? எடுக்கலாமா?" என்றான் வண்டியோட்டி.

மூத்தவள் வண்டியின் பின்வாயிலில் நின்று உள்ளே நோக்கினாள். முதல் ஆளைக் கண்டாள்; கடைசி ஆளைக் கண்டாள். இரு வரிசையிலும் இடைவெளி இல்லை. மங்கிய வெளிச்சத்தில் நடுவே தங்கையின் மஞ்சள் போர்வையும் தெரிந்தது. "வந்தாச்சு, எடுங்க" என்றாள். நூல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் மக்களையும் அவ்வாறே பார்த்தன.

வண்டி நெடுந்தொலைவு சென்றபின் பசைக்காரருக்குப் பசித்தது. "ஏம்மா, வாயைத் தொறந்து பேச மாட்டேன்னா பரவாயில்ல, கூடையையாவது இப்படித் தள்ளு" என்று இளையவளைக் கேலி பேசிக்கொண்டே மஞ்சள் போர்வைப் பக்கம் கையை நீட்டினார். போர்வை கையோடு வந்தது. அதன் கீழே இருந்தது கூடைதான். வெயிலில் உணவு கெடாதிருக்க இளையவளே காலையில் தன் போர்வையை அதன்மேல் மூடிவிட்டு இறங்கியிருந்தாள்.

வண்டியோட்டி வண்டியைத் திருப்பினான். மூத்தவள் அந்தப் போர்வையை வாங்கி, எதற்கென்று தெரியாமலே நான்காய் மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பிவந்தபோது கற்பாதை இருந்த இடத்தில் கடல் இருந்தது. தாழ்ந்த கற்கள் மறைந்துவிட்டன; காளான்களின் குடைகள் மட்டும் நீர்மேல் மிதப்பனபோல் கிடந்தன. உயர்ந்த அடுக்குகளின் தலைகள் ஆங்காங்கே தெரிந்தன. அவற்றின்மேல் ஆள் எவரும் தெரியவில்லை.

"சாயங்காலம்தாம்மா பாதை தெரியும். இன்னும் அஞ்சு மணி நேரம் ஆகும்" என்றார் கரைக்காவலர்.

"படகு?"

"கல்லுக்கு நடுவுல தண்ணி சுத்தும். போன படகு முழுசா வந்ததில்ல. உசரமான கல்லுல ஏறிட்டா ஒண்ணும் ஆகாது. தாழ்வா எங்கேயாவது நின்னுட்டா..." என்றவர் அதற்குமேல் சொல்லாமல், "நான் அவ்வளவு பலமா மணி அடிச்சேனே, கேக்கலையா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

மூத்தவள் நீருள் பாய்ந்தாள். இடுப்பளவில் அலை அவளைப் புரட்டிப் போட, வண்டியோட்டியும் காவலரும் இழுத்துவந்து மணலில் இருத்தினர். பசைக்காரர் கைகளைக் குவித்து, இளையவளைக் கூவி அழைக்கத் தொடங்கினார். அவர் குரலைக் கற்கள் வாங்கித் திருப்பி அனுப்பின. அவர் மறுபடியும் கூவினார். தொண்டை கட்டி, குரல் கீறலாய் மாறியபின்னும் அவர் நிறுத்தவில்லை.

"கத்தாதீங்கண்ணே. அவளுக்குத்தான் கேக்காதே" என்றாள் மூத்தவள்.

"தெரியும்மா. பன்னெண்டு வருசமா பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியாதா? சும்மா நிக்க முடியலம்மா" என்று சொல்லி அம்முதியவர் விம்மினார்.

மூத்தவள் எழுந்தாள். கல்வெளியை நோக்கி இரு கைகளையும் உயர்த்தி, 'ஏறு, மேலே ஏறு' என்று காட்டினாள். மீண்டும் காட்டினாள். காண்பார் இல்லாத அந்தச் சொல்லை, தோள்கள் இற்றுப்போகும்வரை காட்டினாள். தோழியர் வந்து அவள் அருகே நின்று தாமும் காட்டினர். பின்னர் வண்டியோட்டி, பின்னர் பசைக்காரர். பதினாறு பேர் வரிசையாய் நின்று, கைகளைத் தூக்கித் தூக்கிக் கடலிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தனர். கடல் தன் கணக்குப்படி ஏறியது. தன் கணக்குப்படி நின்றது. அவர்களுக்காக ஒரு விரற்கடையும் குறையவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் ஓர் உயிரின் பொருட்டு அவர்கள் செய்ய முடிந்தது அவ்வளவே.

பொழுது சாய்ந்தது. நீர் வடிந்து, கற்பாதையின் முதுகு கரிய கோடாய் வெளிப்பட்டதும், காவலர் தடுக்கத் தடுக்க மூத்தவள் முழங்கால் நீரில் ஓடினாள். ஈரம் சொட்டும் கற்களின் இடையே, ஒவ்வொரு திருப்பத்திலும் எதைக் காண நேருமோ என்று நடுங்கியபடி, அடுக்குக்கற்களின் கடைக்கோடியை அடைந்தாள்.

எல்லாவற்றிலும் உயர்ந்த அடுக்கின் கடற்புறத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, கரையிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு எட்டாத ஒரு விளிம்பில், கரைக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்தவாறு இளையவள் அமர்ந்திருந்தாள். கல்லில் நீர் ஏறிய ஈரத்தடம் அவள் இருக்கைக்கு ஒரு சாண் கீழே நின்றது. பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்து இடுப்பில் செருகியிருந்த கழிவுத்தாள்களை மடித்து, சின்னஞ்சிறு பாரங்களாய் மடியில் அடுக்கி வைத்திருந்தாள். அக்காள் அங்கே ஏறிவந்து, அவள் நிழல் மடியில் விழுந்ததும் இளையவள் திரும்பிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"கல்லைப் பாத்துட்டே இருந்தேன், தண்ணி வந்துச்சு, ஏறிட்டேன்" என்றன அவள் கைகள்.

"நாங்க... கரையில கை காட்டினோமே" என்று மூத்தவளின் கைகள் தடுமாறின.

"அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லையே."

"பயப்படலையா நீ?"

இளையவள் கண்களில் வியப்புத் தோன்றியது. "எதுக்குப் பயப்படணும்? நீ எண்ணிப் பாத்திருப்ப. ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சிருக்கும். ஒரு பாரம் குறைஞ்சா நீ விடுவியா? தண்ணி வடியட்டும்னு அங்கேயே நின்னிருப்ப. எனக்குத் தெரியாதா?"

மூத்தவள் கைகளை உயர்த்தினாள். முதல் ஆளையும் கடைசி ஆளையும் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டேனடி, ஒரு கூடையை நீயென்று எண்ணி நெடுந்தொலைவு போய்விட்டேனடி என்று சொல்ல உயர்த்தினாள். விரல்கள் வானில் நின்றன. ஒரு சொல்லும் அவற்றில் கூடவில்லை. பிறகு அந்தக் கைகளாலேயே தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைத்த கைகளுக்குப் பேச்சில்லையன்றோ? அது அவளுக்கு அப்போது வாய்ப்பாயிற்று.

கரையில் நின்றோரும் தாம் விட்டுப்போனதை இளையவளிடம் சொல்லவில்லை. பசைக்காரர்கூட, வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு செய்தியைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அந்நாள் முதல் மூத்தவள் ஒவ்வொரு நூலையும் நடுவே விரித்துப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுகிறாள். வேலை மெல்லத்தான் நகர்கிறது. "இருபது வருசமா இல்லாத சந்தேகம் இப்ப என்ன?" என்று முதலாளி கேட்கும்போது, அவள் தலைகுனிந்து அடுத்த நூலை விரிக்கிறாள்.

இளையவளோ மாறிவிட்டாள். மாலையில் பட்டறை விட்டதும் அவள் இப்போதெல்லாம் அக்காளின் முந்தானையைப் பற்றுவதில்லை. எங்கே விடுபட்டாலும் எண்ணிக்கையில் தான் குறைவது அக்காளுக்குத் தெரிந்துவிடும் என்ற உறுதி அந்தக் கல்லின்மேல் அவளுக்கு முழுமையாய்க் கிடைத்துவிட்டது. வண்டிகள் இரையும் நெருக்கடித் தெருவில் அவள் கைவீசி முன்னே முன்னே நடக்கிறாள். ஒருமுறையேனும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் கேளாத அந்த முதுகின்மேல் கண்ணை வைத்து, இமைக்கவும் அஞ்சி, பின்னாலேயே நடந்து வருகிறாள் மூத்தவள்.